தந்தை (ஒப்பந்த அடிப்படை)

கண்ணாடிப் பெட்டிக்குள் தேமே என்று கிடக்கும் பொருளும் தன் செலவைத் தானே சம்பாதித்தாக வேண்டும் என்கிற விஷயம் சாவிக்காரருக்கு அன்றுவரை தெரியாது. அதைத் தெரிவிப்பதற்கென்றே அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அம்மாள் அவருடைய கடையைத் தேடிக்கொண்டு வந்தார்.

கடை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே யாருக்கும் வேண்டாமல் மிஞ்சிய சந்து அது. ஒருவர் உள்ளே உட்கார்ந்தால் இன்னொருவர் தெருவில்தான் நிற்க வேண்டும். சுவர் முழுக்கப் பல் வெட்டாத சாவிகள் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த அம்மாள் தெருவில் நின்றார். கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘பார்வையாளர் பெருக்க அலுவலர்’ என்று போட்டிருந்தது.

“இருநூத்திப் பதினாலு உங்களோடதுதானே சார்?”

“எந்தப் பூட்டும்மா? சீட்டு கொண்டு வந்திருக்கீங்களா?”

“பூட்டு இல்லை சார். காட்சிப் பொருள். ஜியாமெட்ரி பாக்ஸ். படகு விபத்து மூலையில இருக்கே.”

சாவிக்காரரின் கையில் அரம் நின்றுவிட்டது.

“அது என் பொண்ணோடது.”

“அதேதான். யாருமே நின்னு பார்க்க மாட்டேங்கிறாங்க சார். நானும் ஆறு மாசமா பார்த்துட்டேன். முன்னேற்றமே இல்லை.”

பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோரைக் கூப்பிட்டு வைத்து டீச்சர் சொல்வாரே, அதே குரல். சாவிக்காரர் பழக்க தோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டார். இதே பெண்ணுக்காக, அவளுடைய கணக்கு மார்க்குக்காக, முன்பு பல தடவை குனிந்த தலைதான் அது.

அந்தப் பெண் போய் ஏழு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. பாலம் கட்டப்போகிறோம், கட்டப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், கட்டும்வரைக்கும் படகு. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு ஒரு நாள் காலையில் நடு ஆற்றில் சாய்ந்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதற்குள் இந்த ஜியாமெட்ரி பாக்ஸ் இருந்தது. அதை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. பொழுது விடிந்தால் அவர் மனைவி அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். உள்ளே ஒரு காம்பஸ், முனை உடைந்த ஸ்கேல், பாதி ரப்பர். அந்தப் பாதி ரப்பரை முகர்ந்து பார்த்துக்கொண்டே அடுப்பை மறப்பாள், குளிப்பதை மறப்பாள், பக்கத்தில் புருஷன் என்று ஒருவன் இருப்பதையும் மறப்பாள். அந்தச் சமயத்தில்தான் விபத்துக்காக ஒரு மூலை ஒதுக்குகிறோம், பொருள் ஏதாவது இருந்தால் தாருங்கள் என்று அருங்காட்சியகத்தில் கேட்டார்கள். அப்போதைய இயக்குநர், சட்டைப்பையில் எந்நேரமும் பூதக்கண்ணாடி வைத்திருக்கும் ஒரு பெரியவர், “இங்க வந்துட்டா நிரந்தரம்மா” என்று வாக்குக் கொடுத்தார். மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அவளுக்கு இருட்டுன்னா பயம். லைட்டை மட்டும் அணைக்காதீங்க.” பெரியவர் அதற்கும் தலையை ஆட்டினார். அவருடைய நிரந்தரம், அவர் ஓய்வு பெறும்வரை நன்றாகத்தான் இருந்தது.

“இப்படியே போனா கீழ்த்தளத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும் சார்” என்றார் அலுவலர்.

“அங்க லைட் இருக்குமாம்மா?”

“கிடங்குக்கு எதுக்கு சார் லைட்?”

சாவிக்காரர் பாதி வெட்டிய சாவியை அப்படியே போட்டுவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

புதிய இயக்குநர் இதற்கு முன் ஐந்து மாடி வணிக வளாகம் ஒன்றை நடத்தியவர். படுத்துக் கிடந்த செருப்புக் கடைகளைத் தூக்கி நிறுத்தியவர் என்று அவருக்குப் பெயர். நஷ்டத்தில் கிடந்த அருங்காட்சியகத்தையும் அப்படியே நிறுத்துவார் என்று மேலிடம் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தது. வந்ததும் முதல் காரியமாக அவர் ஒவ்வொரு பொருளுக்கும் வாடகை போட்டார். அது அடைத்துக்கொண்டிருக்கும் தரைக்கு இவ்வளவு, தலைக்கு மேல் எரியும் விளக்குக்கு இவ்வளவு, காவலாளி அதன் பக்கம் திரும்பிப் பார்ப்பதற்கு இவ்வளவு. எந்தப் பொருளின் முன்னால் யார் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று கூரையிலிருந்து கேமராக்கள் எண்ணிக்கொண்டே இருந்தன. மாதக் கடைசியில் கழித்துப் பார்த்து, தேறாத பொருளைக் கீழே அனுப்பிவிடுவார்கள். கற்காலக் கோடரிகள் முதல் மாதமே போய்விட்டன. ஈராயிரம் வருஷத்துப் பானை ஒன்றுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். லாபத்தில் ஓடியது பஞ்சடைத்த முதலை மட்டும்தான். அதன் வாய்க்குள் கையை விட்டுப் படம் எடுத்துக்கொள்ளப் பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். இயக்குநர் முதல் தோட்டக்காரர் வரை அத்தனை பேர் வீட்டிலும், எப்போதோ செத்துப்போன அந்த முதலையின் சம்பாத்தியத்தில்தான் உலை கொதித்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. உங்க பொண்ணு மேல எனக்கு ரொம்ப மரியாதை” என்றார் இயக்குநர். “ஆனா எங்களுக்கு எல்லாப் பொருளும் ஒண்ணுதான். பாரபட்சமே கிடையாது. முதலை சம்பாதிக்குது, இருக்கு. உங்க பொண்ணு சம்பாதிச்சா அவளும் இருக்கலாம்.”

“அவ சின்னப் பொண்ணு சார்.”

“எங்ககிட்ட வந்தே ஏழு வருஷம் ஆகப் போகுதே.”

“அப்படின்னா திருப்பிக் குடுத்துடுங்க. நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன்.”

இயக்குநர் பதறிவிட்டார். “அதெப்படி ஐயா முடியும்? அது இந்த நிறுவனத்தோட சொத்து. அதுக்கு ஒரு மதிப்புப் போட்டுக் கணக்குல ஏத்தியிருக்கோம். குடுத்துட்டா அந்த அளவுக்கு நாங்க ஏழையாயிடுவோம். கீழ கிடந்தா செலவும் இல்லை, சொத்தும் குறையாது. யோசிச்சுப் பாருங்க, அதுதான் எல்லாருக்கும் நல்லது.”

ஊரில் எந்தப் பூட்டாக இருந்தாலும் குனிந்து ஒரு பார்வை பார்த்துத் திறந்துவிடுகிற மனிதர் அவர். இந்தப் பேச்சுக்குத் துவாரம் எந்தப் பக்கம் என்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

“எத்தனை பேர் வந்து நின்னா போதும்?” என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து ஆள் பிடிக்க ஆரம்பித்தார். ஜியாமெட்ரி பாக்ஸைப் பார்த்துவிட்டு நுழைவுச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினால் மாற்றுச் சாவி இலவசம் என்று கடையில் அட்டை எழுதித் தொங்கவிட்டார். சாவி தொலைத்தவர்கள் போனார்கள். தொலைக்கப் போகிறவர்களும் முன்னெச்சரிக்கையாகப் போனார்கள். போன இடத்தில் அந்தப் பாதி ரப்பரைப் பார்த்துச் சிலர் அழுதும்விட்டார்கள். மருந்துக் கடைக்காரர் குடும்பத்தோடு போய்ப் பிள்ளைகளை முதலைக்குக் கை கொடுக்க வைத்துவிட்டு, வாக்குத் தவறாமல் இங்கேயும் வந்து நின்றார். வேலைவெட்டி இல்லாத தன் மச்சானைச் சாவிக்காரர் டீக்குக் காசு கொடுத்து தினமும் அனுப்பி வைத்தார். மச்சான் பொறுப்பான மனிதன். பெட்டிக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஏசிக் காற்றில் மத்தியானம்வரை தூங்கிவிட்டு வந்தான். கேமரா அதை ஆழ்ந்த ஈடுபாடு என்று குறித்துக்கொண்டது.

“மாமா, இன்னிக்கு நான் மட்டுமே மூணு மணி நேரம்” என்று சாயங்காலம் வந்து சொல்வான். சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்து மாப்பிள்ளை பெஞ்சு மாதிரி சாய்ந்துகொள்ள வசதி இல்லை, முதுகு வலிக்கிறது என்று தைலத்துக்கும் காசு கேட்பான்.

அந்த மாதக் கணக்கில் இருநூற்றுப் பதினாலு, முதலைக்கு அடுத்த இடத்துக்கு வந்துவிட்டது. விளக்கு தப்பித்தது என்று சாவிக்காரர் மூச்சு விட்டார். பிசகியது அங்கேதான். நஷ்டத்தில் கிடந்திருந்தால் அவளைக் கீழே போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். லாபம் தருகிற பொருளை யார் சும்மா விடுவார்கள்?

கூட்டம் போட்டார்கள். சாவிக்காரரையும் கூப்பிட்டு ஓரமாக ஒரு நாற்காலி கொடுத்தார்கள். நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், சுவரில் திரை. இயக்குநர் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

“நண்பர்களே, இத்தனை வருஷமா நம்ம கட்டடத்துக்குள்ளேயே ஒரு செல்வம் தூங்கிட்டு இருந்திருக்கு. அதுக்குப் பேரு துக்கம். முதலையைப் பார்க்க ஒருத்தன் ஒரு தடவைதான் வருவான். துக்கத்தைப் பார்க்கத் திரும்பத் திரும்ப வருவான். ஏன்? அடுத்தவன் துக்கத்தைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போனா, தன் பெண்டாட்டியும் நல்லவளாத் தெரிவா, தன் பிள்ளையும் நல்லவனாத் தெரிவான். அதுக்கு மனுஷன் எவ்வளவு வேணாலும் குடுப்பான். நாம இன்னும் கேக்கவே இல்லை, அவ்வளவுதான்.”

எல்லாரும் கை தட்டினார்கள். சிற்றுண்டிச்சாலையைக் குத்தகைக்கு எடுத்தவர் மட்டும் தட்டவில்லை.

“அழுதுட்டு வர்றவங்க எதுவும் சாப்பிட மாட்டேங்கிறாங்க சார்” என்றார் அவர். “மூக்கைத் துடைச்சுட்டு நேரா வாசலுக்குப் போயிடறாங்க. நேத்து என் கேக் அத்தனையும் வீண்.”

அதற்கப்புறம் சாப்பாட்டு நேரம்வரை அந்தப் பிரச்சினைதான். அழுகைக்கும் பசிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி, கட்டணம் வாங்கிக்கொண்டு வந்திருந்த ஒரு மனநல ஆலோசகர் படம் போட்டு விளக்கினார். கொஞ்சமாக அழுதவனுக்கு இனிப்பு கேட்கும், நிறைய அழுதவனுக்கு வீடு கேட்கும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆகவே அழுகையை ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுவது என்றும், வெளியேறும் வழியைச் சிற்றுண்டிச்சாலைக்குள் திருப்பிவிடுவது என்றும் தீர்மானமாயிற்று. படகு விபத்து மூலைக்குக் கண்ணீர்க் கூடம் என்று பெயர் வைத்தார்கள். அதை விரிவாக்க இடம் வேண்டியிருந்ததால் எச்சரிக்கையில் இருந்த பானையைக் கீழே அனுப்பினார்கள். கைக்குட்டைக் காகிதம் விற்கிற கம்பெனி ஒன்று ஆளுக்கு இரண்டு தாள் இலவசமாகத் தர முன்வந்தது.

“எல்லாம் சரி சார். ஆனா பொருள் பேசாதே” என்றார் பார்வையாளர் பெருக்க அலுவலர். “பேசறதுக்கு ஒரு ஆள் வேணும்.”

மேசையில் இருந்த அத்தனை தலைகளும் ஓர நாற்காலிப் பக்கம் திரும்பின.

“எனக்குப் பேச வராதுங்க” என்றார் சாவிக்காரர்.

“பேச வர வேண்டாம் ஐயா. அப்பாவா வந்து நின்னா போதும்.”

“நிக்கலைன்னா?”

இயக்குநர் ரொம்ப வருத்தத்தோடு தரையைப் பார்த்தார். அந்தத் தரைக்குக் கீழேதான் கிடங்கு.

ஒரு வாரத்தில் அடையாள அட்டை வந்தது. சாவிக்காரரின் படம், அதற்குக் கீழே பதவி: ‘தந்தை’. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ‘ஒப்பந்த அடிப்படை’. நிரந்தரத் தந்தையாக ஒருவரை நியமிக்க விதிகளில் இடம் இல்லை என்று அலுவலர் விளக்கினார். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பார்கள். விடுமுறை நாளான திங்கட்கிழமைகளில் அவர் தந்தை இல்லை. தந்தையாக அவர் நடந்துகொள்வது திருப்தி தரவில்லை என்றால் முன்னறிவிப்புக் கொடுத்து நீக்கிக்கொள்ளலாம். மேற்படி மகளைப் பற்றி வெளியிடங்களில் பேசுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும். சாவிக்காரர் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

பேச வேண்டியதை எழுதித் தர ஓர் இளைஞரை ஏற்பாடு செய்திருந்தார்கள். சோப்பு, ஷாம்பு விளம்பரங்களுக்கு வசனம் எழுதிப் பெயர் வாங்கியவர். தங்கமான பையன். சாவிக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து, தோளைத் தொட்டு, “மனசுல இருக்கிறதை அப்படியே சொல்லுங்க சார், நான் ஒண்ணும் மாத்த மாட்டேன்” என்றார்.

சாவிக்காரர் அப்படியே சொன்னார். அந்தப் பாதி ரப்பர் அவளுடையதே இல்லை. பக்கத்து பெஞ்சுக்காரியோடு சண்டை போட்டு, ரப்பரைக் கடித்து இரண்டாக்கி, பாதியைத் திருடிக்கொண்டு வந்துவிட்டாள். கணக்கில் மூன்று தடவை கோட்டை விட்டாள். மூன்றாவது தடவை அப்பாவின் கையெழுத்தை அவளே போட்டுக் கொடுத்துவிட்டாள், அசலைவிட நன்றாக இருந்ததால் மாட்டிக்கொண்டாள்.

“அன்னிக்குக் காலையில கடைசியா என்ன சொன்னா சார்?”

சாவிக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அன்று மனைவி பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றவர் அவர் மட்டும்தான். இத்தனை வருஷத்தில் அவளும் கேட்டதில்லை. மனைவிக்கு அந்த ரப்பரின் வாசனை இருந்தது. அவருக்கு இது இருந்தது.

“சைக்கிள் செயின் கழண்டு கிடந்துச்சு. அதை மாட்டி வைக்கச் சொன்னா. ‘நேத்தே சொன்னேன்ல? உனக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காதுப்பா’ன்னு திட்டிட்டுப் போனா. வாய் நிறைய பிஸ்கட். துகள் எல்லாம் என் சட்டை மேல.”

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. இளைஞர் பேனாவை மூடினார்.

“அருமையா இருக்கு சார். ஆனா பாருங்க, இதுல குழந்தை உங்களைத் திட்டுது. கூட்டத்துக்கு யார் பக்கம் நிக்கறதுன்னு குழப்பமாயிடும். அவங்க அழறதுக்குக் காசு குடுத்து வந்திருக்காங்க. குழப்பக் கூடாது.”

எழுதி வந்ததில் ரப்பரின் மறுபாதியை அவள் ஏழைத் தோழிக்குத் தானமாகக் கொடுத்திருந்தாள். கணக்கில் முதல் மார்க். வாசலில் திரும்பி நின்று, ‘அப்பா, நான் படிச்சுப் பெரிய ஆளாகி உன்னைக் கப்பல்ல கூட்டிட்டுப் போவேன்’ என்று சொல்லிவிட்டுப் படகேறினாள்.

“அவ இப்படியெல்லாம் பேச மாட்டா தம்பி.”

“பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும்ல சார்?”

சாவிக்காரரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

முதல் காட்சிக்குக் கூடத்தை இருட்டாக்கி, பெட்டிக்கு மட்டும் நீல விளக்குப் போட்டார்கள். ஒலிபெருக்கியில் தண்ணீர் சலசலத்தது. சாவிக்காரர் வெள்ளைச் சட்டையில் நின்றார். சாவி வெட்டும்போது போடுகிற காக்கிச் சட்டைதான் ஏழ்மையாக இருக்கும் என்று ஒரு கட்சி, வெள்ளைதான் நீல விளக்கில் எடுக்கும் என்று இன்னொரு கட்சி, வெள்ளை ஜெயித்திருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் எழுதிக் கொடுத்தது மறந்துபோய், உள்ளதைச் சொல்லிவிட்டார். கள்ளக் கையெழுத்து, பிஸ்கட் வாய், சைக்கிள் செயின் எல்லாம். கூட்டம் சிரித்தது. முன் வரிசையில் ஒரு சிறுமி தன் அப்பாவை முழங்கையால் இடித்து இடித்துச் சிரித்தாள். சாவிக்காரரும் சிரித்தார். ஏழு வருஷத்துக்கப்புறம் தன் பெண் கூடத்துக்குள் ஓடி வந்துவிட்டுப் போனது போல அவருக்கு இருந்தது.

வெளியே போகிற வழியில் மூன்று பொத்தான்கள் வைத்த பலகை உண்டு: அழுகிற முகம், சும்மா இருக்கிற முகம், சிரிக்கிற முகம். அன்று எல்லாரும் சிரிக்கிற முகத்தை அமுக்கிவிட்டார்கள்.

“இது படுதோல்வி சார்” என்றார் அலுவலர். அவர் கண் கலங்கியிருந்தது. “கண்ணீர்க் கூடத்துல சிரிக்கிற முகம் விழுந்தா மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது? இன்னொரு காட்சி இப்படிப் போச்சுன்னா இயக்குநர் விளக்கை அணைச்சுடுவார். உங்களுக்கு மட்டும் இல்லை, எனக்கும் சேர்த்து. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க சார்.”

இரண்டாவது காட்சியிலிருந்து கப்பல்தான்.

அதற்கப்புறம் எல்லாம் ஏறுமுகம். காலை பதினொரு மணி, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் நான்கு. வெளியூர்களிலிருந்து பேருந்து வைத்துக்கொண்டு வந்தார்கள். முன் வரிசைக்குத் தனிக் கட்டணம். காட்சி முடிந்ததும் தந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளலாம். வாசல் கடையில் ஜியாமெட்ரி பாக்ஸ் மூன்று அளவுகளில் விற்றது. மூடியில் கப்பல் படம், உள்ளே பாதி ரப்பர். அந்தப் பாதி, தொழிற்சாலையிலேயே பல் தடத்தோடு அச்சடித்து வந்தது. குத்தகைக்காரர் கேக்குக்கு இரண்டாவது அடுப்பு வாங்கினார். முதலை இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. அதற்கும் ஒரு நாள் அலுவலர் எச்சரிக்கை ஒட்டினார். சோகத்தைச் சீரிய முறையில் நிர்வகித்ததற்காக அருங்காட்சியகத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது. இயக்குநர் அதைத் தன் அறையில் வைத்துக்கொண்டார். அதற்கு மட்டும் வாடகை போடவில்லை.

சாவிக்காரரும் தேறிவிட்டார். எந்த இடத்தில் குரலை இறக்கினால் கைக்குட்டைக் காகிதம் சரசரக்கும் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. முதலில் அந்தக் கப்பல் வசனத்தைச் சொல்லக் கூசினார். பிறகு கூச்சம் போய்விட்டது. பிறகு ஒரு நாள் அதைச் சொல்லும்போது அவருக்கே அழுகை வந்தது, நிஜமான அழுகை. பாவம், அப்பனைக் கப்பலில் கூட்டிப் போக எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறாள் குழந்தை என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று அவர் யோசிக்கவில்லை.

பெட்டியைக் கொடுத்த நாளுக்கப்புறம் மனைவி ஒரு நாளும் அருங்காட்சியகத்துக்கு வந்ததில்லை. சாயங்காலம் அவர் வீடு திரும்பியதும் ஒன்றே ஒன்று கேட்பாள்.

“லைட் எரியுதா?”

“எரியுது.”

அவளுக்கு அது போதும். அவருக்கும் அதுதான் சம்பளம்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவள் ஒரு போர்வையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

“எதிர் வீட்டு அம்மா நேத்து போய்ப் பார்த்துட்டு வந்தாங்களாம். என் கையைப் பிடிச்சுட்டு ஒரே அழுகை. கப்பல்ல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாளாமே?”

“அது அவங்க எழுதிக் குடுத்தது.”

“அதானே பார்த்தேன்.” அவள் முகத்தில் ஒரு நிம்மதி. “நம்ம கழுதைக்கு அவ்வளவு நீளமாப் பேசப் பொறுமை ஏது? கேட்டதும் யாரோ மாதிரி இருந்துச்சு எனக்கு.”

போர்வையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“நிஜமா என்னங்க சொன்னா? இத்தனை வருஷம் நான் கேக்கலை. கேட்டா தாங்க மாட்டேன்னு பயம். நேத்து அவங்க சொன்னப்புறம் ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. ஊர்ல எல்லாரும் எதையோ கேட்டுட்டாங்க, பெத்தவ நான் கேக்கலையே. சும்மா என்ன சொன்னாலும் பரவாயில்லை. சொல்லுங்க.”

சாவிக்காரர் வாயைத் திறந்தார்.

கப்பல்தான் வந்தது. அதை விழுங்கிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார். வாசல். செருப்பை மாட்டுகிறாள். திரும்புகிறாள். வாயில் என்னவோ வைத்திருந்தாள், அதனால் சரியாகக் கேட்கவில்லை, அதுவரைக்கும் நிச்சயம். அப்புறம்? அப்பா, நான் படிச்சுப் பெரிய ஆளாகி. இல்லை. அது இல்லை. ஏதோ ரொம்பச் சாதாரணமான விஷயம். ஏதோ வேலை சொன்னாளா? எதையாவது கேட்டாளா? ஒன்றரை வருஷமாக நாளுக்கு மூன்று தடவை அந்த வாசலில் அவளை நிறுத்தி வைத்து இவர் பேச வைத்திருக்கிறார். அவள் தானாகப் பேசியது ஒரே ஒரு தடவை.

“சொல்ல இஷ்டம் இல்லையா?” என்றாள் மனைவி மெதுவாக.

“அப்படி இல்லம்மா.”

“என்னைத் திட்டிட்டுப் போனாளா? பரவாயில்லைங்க. அப்படின்னாலும் சொல்லுங்க.”

“உன்னை இல்லை. உன்னை ஒண்ணும் சொல்லலை.” அவர் செய்தித்தாளை மடித்தார், பிரித்தார். “இருந்துச்சு. என்கிட்டதான் இருந்துச்சு. இப்ப வர மாட்டேங்குது.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. கத்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

“அப்ப நான் யார்கிட்ட போய்க் கேப்பேன்?” என்றாள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக் காட்சி. கூடம் நிறைந்திருந்தது. நீல விளக்கு, தண்ணீர்ச் சத்தம், வெள்ளைச் சட்டை. சாவிக்காரர் ரப்பரைச் சொன்னார், கணக்கு மார்க்கைச் சொன்னார். “வாசல்ல திரும்பி நின்னு என் பொண்ணு சொன்னா” என்றவர் அங்கேயே நின்றுவிட்டார். கப்பல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை அவர் விடவில்லை. அதை விடாமல் நிறுத்திவைத்தால் அதற்குப் பின்னால் இருப்பது வெளியே வரும் என்று நினைத்தார். காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. யாரோ ஒரு பெண் விம்மினாள். பிறகு வரிசை வரிசையாக விம்மினார்கள். காவலாளி தொப்பியைக் கழற்றினார். சாவிக்காரர் கடைசிவரை அந்த வசனத்தைச் சொல்லாமலே இறங்கிப் போய்விட்டார்.

அழுகிற முகத்தின் பொத்தான் அன்று அமுங்கியது அமுங்கியபடி சிக்கிக்கொண்டது. குத்தகைக்காரர் பக்கத்துக் கடையிலிருந்து கேக் கடன் வாங்கினார்.

இயக்குநர் ஓடி வந்து சாவிக்காரரைக் கட்டிக்கொண்டார். “இதுதான் ஐயா உண்மை! இத்தனை நாள் எங்க வச்சிருந்தீங்க இதை? இனிமே ஒரு காட்சியிலயும் இதை விட்டுடாதீங்க.”

இளைஞர் அன்றைக்கே வசனத்தைத் திருத்தினார். ‘சொன்னா’ என்பதற்குப் பக்கத்தில் ‘ஒரு நிமிடம் மௌனம்’ என்று சேர்த்தார். ஐந்து நிமிடக் கணக்கு மீறிவிடக் கூடாது என்பதால் ரப்பரைக் கொஞ்சம் குறைத்தார். மௌனம் எப்போது முடிகிறது என்று கூட்டத்துக்கும் தந்தைக்கும் தெரிய வேண்டுமே, அதற்காகத் துறைமுகத்துக்கு ஆள் அனுப்பி ஒரு கப்பலின் சங்கொலியைப் பதிவு செய்துகொண்டு வந்தார்கள்.

இப்போது சாவிக்காரருக்கு நாளுக்கு மூன்று தடவை, ஒரு நிமிடம், அதிகாரபூர்வமாகவே கிடைக்கிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறார். செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்கிறது. பெண் திரும்புகிறாள், அவரைப் பார்க்கிறாள், வாயைத் திறக்கிறாள். அதற்குள் கப்பல் ஊதிவிடுகிறது.